வாக்குச்சீட்டில் இல்லாத பெயர்: ஒரு விசாரணை நீதிபதி பதவி இழந்த வழக்கு

2016 ஜூன் 7. கலிபோர்னியாவில் முதற்கட்டத் தேர்தல் நாள். சாண்டா கிளாரா கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஒரு நீதிபதி அன்று அடுத்த ஆறு ஆண்டுகளுக்குத் தேர்வானார். எத்தனை வாக்கு வாங்கினார் என்று கேட்டால் பதில் கிடையாது. எதிர்த்து யாரும் மனு போடவில்லை; அதனால் அவர் பெயர் வாக்குச்சீட்டில் அச்சாகவே இல்லை.

அதற்கு ஐந்து நாள் முன்னால் ஒரு பாலியல் தாக்குதல் வழக்கில் அவர் கொடுத்த தண்டனையைப் பற்றித்தான் அப்போது நாடே பேசிக்கொண்டிருந்தது. ஏறக்குறைய இரண்டு ஆண்டு கழித்து, 2018 ஜூன் 5 அன்று, அதே கவுண்டியின் வாக்காளர்கள் அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். நடுவில் நடந்ததை வரிசையாக எழுதி வைப்பதுதான் இந்தக் குறிப்பின் வேலை. நீதிபதி, குற்றவாளி, பாதிக்கப்பட்ட பெண், இயக்கம் நடத்தியவர் என்று யாருடைய பெயரும் இதில் வராது.

பதவிக்கு வந்த வழி

கலிபோர்னியாவில் விசாரணை நீதிமன்றத்துக்குப் பெயர் சுப்பீரியர் கோர்ட். பெயரைப் பார்த்து மேல்முறையீட்டு நீதிமன்றம் என்று நினைத்துவிடக் கூடாது. திருட்டு, விவாகரத்து, வாடகைத் தகராறு, கொலை எல்லாம் முதலில் வந்து நிற்கும் இடம் அதுதான். கவுண்டிக்கு ஒன்று. நீதிபதியாக வர, பத்து ஆண்டு வழக்கறிஞராக இருந்திருக்க வேண்டும். பதவிக்காலம் ஆறு ஆண்டு. கட்சி அடையாளம் இல்லாத தேர்தல்.

ஏட்டில் இருப்பது இது. நடைமுறையில், பெரும்பாலான நீதிபதிகள் முதலில் ஆளுநரின் நியமனத்தில்தான் உள்ளே வருகிறார்கள். ஒருவர் பதவிக்காலம் முடியும் முன்பே ஓய்வு பெறுவார். காலியான இடத்தை ஆளுநர் நிரப்புவார். அப்படி வந்தவர் அடுத்த தேர்தலில் ஏற்கெனவே நாற்காலியில் இருப்பவராக நிற்பார். நாளைக்கு அவர் முன்னால் போய் நின்று வாதாட வேண்டிய வழக்கறிஞர்களில் யார் அவரை எதிர்த்து மனு போடுவார்? போடுகிறவர்கள் குறைவு. ஆக, தேர்தல் இருக்கிறது, ஆனால் வாக்காளர் கண்ணில் படுவதில்லை.

நம் கதையின் நீதிபதி ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இளங்கலை படித்தவர். அங்கே லாக்ரோஸ் என்ற பந்து விளையாட்டு அணியின் தலைவர். பெர்க்லியில் சட்டம். சில காலம் சிவில் வழக்குகள். பிறகு கவுண்டியின் அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் சேர்ந்து, பாலியல் குற்ற வழக்குகளை நடத்தினார். இந்தக் கடைசித் தகவல் பின்னால் நடந்த சத்தத்தில் பலருக்கு மறந்துபோனது.

2002-இல் நீதிபதி தேர்தலில் நின்றார், தோற்றார். அடுத்த ஆண்டு ஆளுநர் கிரே டேவிஸ் அவரை நியமித்தார். (அதே 2003 அக்டோபரில் அந்த ஆளுநரையே கலிபோர்னியா வாக்காளர்கள் திரும்ப அழைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்போது இதில் யாரும் சகுனம் பார்த்திருக்க மாட்டார்கள்.) நின்று தோற்ற பதவிக்கு, நியமனத்தில் ஒரே ஆண்டில் வந்துவிட்டார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் பெரிய பரபரப்பு எதுவும் இல்லாத நாற்காலி.

வழக்கு

2015 ஜனவரி 18 அதிகாலை, ஸ்டான்ஃபோர்ட் வளாகத்தில் ஒரு விருந்து நடந்த கட்டடத்துக்கு வெளியே, நினைவில்லாமல் கிடந்த ஒரு பெண்ணைப் பத்தொன்பது வயது மாணவர் ஒருவர் பாலியல் ரீதியாகத் தாக்கிக்கொண்டிருந்தார். சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சி மாணவர்கள் இருவர் அதைப் பார்த்து நின்றார்கள், அவர் ஓடினார், துரத்திப் பிடித்துப் போலீஸ் வரும்வரை அமுக்கி வைத்திருந்தார்கள். மாணவர் பல்கலைக்கழக நீச்சல் அணியில் இருந்தவர். 2016 மார்ச் 30 அன்று ஜூரி (பொதுமக்களிலிருந்து எடுத்த நடுவர் குழு) மூன்று பெருங்குற்றங்களில் அவரைக் குற்றவாளி என்றது.

இந்தத் தேதியைக் கவனிக்க வேண்டும். ஜூன் தேர்தலுக்கு வேட்புமனு போடும் கெடு மார்ச் முற்பகுதியிலேயே முடிந்திருந்தது. ஜூரியின் முடிவு வந்தபோது அந்த நீதிபதியை எதிர்த்து நிற்கும் சாதாரண வழி அடைபட்டுவிட்டது. தண்டனை வந்தபோது கேட்கவே வேண்டாம்.

எடுத்த முடிவு, சொன்ன காரணம்

அதிகபட்சத் தண்டனை 14 ஆண்டு. அரசுத் தரப்பு 6 ஆண்டு மாநிலச் சிறை கேட்டது. நன்னடத்தைக் கண்காணிப்புத் துறை கொடுத்த அறிக்கை, குறுகிய காலத் தண்டனைக்கான கவுண்டி சிறையில் மிதமான காலமும், அதன்பின் வெளியே இருந்தபடி கண்காணிப்பும் போதும் என்றது. சட்டப்படி இந்த வகைக் குற்றத்தில் மாநிலச் சிறைதான் இயல்பான வழி. வழக்கு அசாதாரணமானது என்று நீதிபதி கருதினால்தான் கண்காணிப்புக்குப் போகலாம். அந்த வாசல் சிறியது. ஆனாலும் திறந்திருந்தது.

நீதிபதி துறையின் பரிந்துரை பக்கம் சாய்ந்தார். கவுண்டி சிறையில் ஆறு மாதம், மூன்று ஆண்டு கண்காணிப்பு, வாழ்நாள் முழுக்கப் பாலியல் குற்றவாளிப் பதிவேட்டில் பெயர். காரணங்களைத் திறந்த நீதிமன்றத்தில் சொன்னார்: இளம் வயது, முன்னர் குறிப்பிடத்தக்க குற்றம் எதுவும் இல்லை, குடிபோதை, குற்றவாளியின் வருத்தத்தை அவர் நம்பியது. மாநிலச் சிறைக்கு அனுப்பினால் அது அந்த இளைஞரைக் கடுமையாகப் பாதிக்கும் என்றும், அவரால் மற்றவர்களுக்கு ஆபத்து இருக்காது என்று நினைப்பதாகவும் சொன்னார்.

சட்டத்துக்கு உட்பட்டுத்தான் செய்தார் என்பதில் பிறகு பெரிய சர்ச்சை எழவில்லை. எனக்கு இடறுவது வேறு இடம். அதே நாள், அதே அறையில், பாதிக்கப்பட்ட பெண் தன் அறிக்கையை வாசித்தார். பன்னிரண்டு பக்கம், ஏழாயிரம் சொல்லுக்கு மேல். தண்டனையின் காரணங்களைக் கேட்டவர்கள் மனதில் நின்றது குற்றவாளியின் எதிர்காலத்தைப் பற்றிய கவலை மட்டும்தான். நீதிபதி இரண்டையும் எடைபோட்டிருக்கலாம். ஆனால் தராசின் ஒரு தட்டுதான் வெளியே தெரிந்தது. நீதிபதிக்கும் குற்றவாளி படித்த அதே பல்கலைக்கழகம், அங்கே விளையாட்டு வீரர் என்ற அதே பின்னணி என்று தெரிந்த பிறகு, மற்றொரு தட்டு இருந்தது என்று யாரும் நம்பத் தயாராக இல்லை.

ஜூன், ஜூலை, ஆகஸ்ட்

மறுநாள் அந்த அறிக்கை இணையத்தில் வந்தது. சில நாட்களில் லட்சக்கணக்கில் படிக்கப்பட்டது. அமெரிக்கக் காங்கிரஸின் கீழவையில் உறுப்பினர்கள் மாற்றி மாற்றி முழுவதையும் சத்தமாக வாசித்தார்கள்.

நீதிபதியின் அன்றாட வேலை உடனே தடுமாறத் தொடங்கியது. ஜூன் இரண்டாவது வாரத்தில் சம்பந்தமே இல்லாத ஒரு திருட்டுப் பொருள் வழக்குக்கு ஜூரி தேர்வு. அழைக்கப்பட்டவர்களில் குறைந்தது பத்துப் பேர், இந்த நீதிபதி முன் உட்கார மாட்டோம் என்றார்கள். அதே மாதம் ஒரு பாலியல் தாக்குதல் வழக்கில், இவர் வேண்டாம் என்று அரசு வழக்கறிஞர் அலுவலகம் தனக்குள்ள உரிமையைப் பயன்படுத்தி விலக்கியது. ஆகஸ்டில் இன்னொரு வழக்கிலிருந்து அவரே விலகினார். கடைசியில் தானாகக் கேட்டுச் சிவில் வழக்குகளுக்கு மாறினார். செப்டம்பரிலிருந்து கிரிமினல் வழக்கு எதுவும் அவரிடம் வரவில்லை.

குற்றவாளி செப்டம்பர் 2 அன்று வெளியே வந்தார். நல்ல நடத்தைக்கான கழிவு போக, ஆறு மாதத் தண்டனையில் உள்ளே இருந்தது மூன்று மாதம். அந்தக் கழிவு கவுண்டி சிறையில் எல்லோருக்கும் கிடைப்பதுதான், நீதிபதி தனியாகக் கொடுத்தது இல்லை. ஆனால் பேச்சில் அது 'மூன்று மாதம்' என்றே நிலைத்துவிட்டது.

செப்டம்பர் 30 அன்று ஆளுநர் ஜெர்ரி பிரவுன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். நினைவில்லாத நிலையில் இருப்பவரைப் பாலியல் ரீதியாகத் தாக்கினால் கண்காணிப்பு என்ற வழி இனிக் கிடையாது, மாநிலச் சிறைதான். அந்தச் சிறிய வாசலை எல்லா நீதிபதிகளுக்குமாகச் சேர்த்து மூடியாயிற்று.

ஆணையம் சொன்னது

கலிபோர்னியாவில் நீதிபதிகளின் நடத்தையை விசாரிக்க ஒரு ஆணையம் உண்டு. 1960-இல் தொடங்கியது, அமெரிக்காவில் இந்த வகையில் முதலாவது. புகார்கள் அங்கேயும் குவிந்தன. 2016 டிசம்பரில் அது தன் முடிவை வெளியிட்டது: பாரபட்சத்துக்குத் தெளிவான ஆதாரம் இல்லை, அதிகாரத் துஷ்பிரயோகம் இல்லை. தண்டனை, கண்காணிப்புத் துறையின் பரிந்துரையோடு ஒத்துப்போனதையும் கணக்கில் எடுத்துக்கொண்டது.

இத்தோடு முடிந்திருக்கலாம் என்று சட்ட வட்டாரத்தில் பலர் நினைத்தார்கள். ஆணையம் கேட்ட கேள்வி, இவர் தவறாக நடந்துகொண்டாரா என்பது. தெருவில் கேட்கப்பட்ட கேள்வி, இவர் அங்கே தொடரலாமா என்பது. முதல் கேள்விக்கு வந்த பதில் இரண்டாவது கேள்வியைக் கேட்டவர்களுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

1911-இல் கிடைத்த ஆயுதம்

பதவியில் இருப்பவரை நடுவில் திரும்ப அழைக்கும் உரிமையைக் கலிபோர்னியா 1911 அக்டோபரில் தன் அரசமைப்பில் சேர்த்தது. நீதிபதிகளையும் சேர்க்கலாமா என்பதில்தான் அன்று பெரிய சண்டை. அதே ஆண்டு அரிசோனா மாநிலமாகச் சேர வந்தபோது, நீதிபதிகளைத் திரும்ப அழைக்கும் பிரிவு அதன் அரசமைப்பில் இருந்ததற்காகவே அதிபர் டாஃப்ட் தடுத்து நிறுத்தினார். அரிசோனாக்காரர்கள் பிரிவை எடுத்தார்கள், 1912 பிப்ரவரியில் மாநிலமானார்கள், அந்த ஆண்டே பிரிவைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள்.

கலிபோர்னியாவில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்ததும் அதே 1911 அக்டோபர் வாக்கெடுப்பில்தான். இரண்டும் சேர்ந்து முதலில் எங்கே பாய்ந்தன தெரியுமா? 1913-இல் சான் பிரான்சிஸ்கோவில், பாலியல் வன்முறை வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஜாமீன் தொகையைக் குறைத்த ஒரு நீதிபதி மேல். அந்த ஆள் தப்பி ஓடிவிட்டார். பெண்கள் சங்கங்கள் கையெழுத்து வாங்கி நீதிபதியை இறக்கின. 1932-இல் லாஸ் ஏஞ்சலஸில் மூன்று நீதிபதிகள் பதவி இழந்தார்கள். அதன்பின் 2018 வரை கலிபோர்னியாவில் எந்த நீதிபதியும் இப்படிப் போகவில்லை. நாட்டளவில் பார்த்தால் அதற்கு முன் கடைசியாக 1977-இல் விஸ்கான்சினின் மேடிசன் நகரில் ஒருவர். அதுவும் பாலியல் வன்முறை வழக்கில் அவர் பேசிய பேச்சுக்காக. 2016-இல் 'பழைய காலத்து ஆயுதம்' என்று சொன்னவர்களுக்கு அது எந்தக் காரணத்துக்காக எல்லாம் எடுக்கப்பட்டது என்பது நினைவில் இருந்திருக்காது.

மனுவும் கையெழுத்தும்

இயக்கத்தை முன்னின்று நடத்தியவர் ஸ்டான்ஃபோர்டின் சட்டப் பேராசிரியை, பாதிக்கப்பட்டவரின் குடும்பத்துக்கு நெருக்கமானவர். பதவிக்கு வந்து குறிப்பிட்ட காலம் ஆகும்வரை மனு போட முடியாது. எனவே 2017 ஜூனில்தான் அதிகாரபூர்வமாகத் தொடங்கினார்கள். ஒரு தண்டனைக்காக மட்டும் இல்லை, கல்லூரி மாணவர்களும் விளையாட்டு வீரர்களும் வந்து நிற்கும்போதெல்லாம் இவர் கை இளகியது என்பது அவர்கள் வாதம். வேறு சில வழக்குகளையும் எடுத்துக் காட்டினார்கள். எதிர்த்தரப்பு, துறை பரிந்துரைத்ததைத்தானே செய்தார் என்றது.

இந்த இடத்தில் நீதிபதி தரப்பு எடுத்த ஒரு முடிவு கவனிக்கத்தக்கது. நீதிபதி என்பது மாநிலப் பதவி, எனவே மனுவைக் கவுண்டி தேர்தல் அலுவலகம் கையாள முடியாது, மாநில அளவில் தேர்தல்களைக் கவனிக்கும் மாநிலச் செயலாளர்தான் கையாள வேண்டும் என்று வழக்குப் போட்டார்கள். ஆகஸ்டில் கையெழுத்து வாங்குவது சில நாள் நின்றது. பிறகு அந்த வாதம் தள்ளுபடியானது. 2018 மார்ச்சில் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். விளைவு: இயக்கத்தினரின் வழக்குச் செலவாக 1,61,000 டாலருக்கு மேல் நீதிபதி கொடுக்க வேண்டியதாயிற்று. கேட்ட கேள்வியில் சட்ட நுணுக்கம் இருந்தது, சரி. ஆனால் வாக்காளருக்கு அது தேர்தலைத் தவிர்க்கப் பார்ப்பதாகத்தான் தெரிந்தது. முன்பு தேர்தல் இல்லாமலே தேர்வானவர் இப்போதும் தேர்தல் வேண்டாம் என்கிறார் என்று சொல்ல எதிரிகளுக்கு வசதியாகப் போனது.

வாக்கெடுப்பு நடத்தத் தேவைப்பட்ட கையெழுத்து 58,634. 2018 ஜனவரியில் அவர்கள் கொண்டுவந்து கொடுத்தது ஏறத்தாழ 95,000.

யார் எந்தப் பக்கம்

கட்சி பார்த்துப் பிரிக்க முடியாத சண்டை இது. அந்த வழக்கில் ஆறு ஆண்டு சிறை கேட்டுத் தோற்றது எந்த அலுவலகமோ, அதன் தலைமை அரசு வழக்கறிஞரே நீதிபதியை இறக்குவதை எதிர்த்தார். தண்டனை தவறு, ஆனால் இது தீர்வில்லை என்றார். ஓய்வு பெற்ற நீதிபதிகளும் கலிபோர்னியாவின் பல சட்டப் பேராசிரியர்களும் அவரோடு சேர்ந்தார்கள்.

இன்னும் கூர்மையாகப் பேசியவர்கள், வசதியில்லாதவர்களுக்காக அரசுச் செலவில் வாதாடும் வழக்கறிஞர்கள். இளகியதற்காக ஒரு நீதிபதியின் வேலை போனால், மற்ற நீதிபதிகள் அடுத்த நாள் யாரிடம் கறார் காட்டுவார்கள்? பணக்காரக் கல்லூரி மாணவரிடம் இல்லை. தினமும் வந்து நிற்கும் கறுப்பின, லத்தீன் ஏழை இளைஞர்களிடம். இதுதான் அவர்கள் கேட்டது.

மறுபக்கத்துக்கும் பதில் இருந்தது. அந்த ஏழை இளைஞர்களுக்கு இதே கருணை எப்போது கிடைத்தது என்று திருப்பிக் கேட்டார்கள். இரண்டும் நியாயமான கேள்விகள். இரண்டையும் ஒரு வாக்குச்சீட்டில் 'ஆம், இல்லை' என்று அடக்க முடியாது.

நீதிபதி கடைசிவரை தான் கொடுத்த தண்டனை தவறு என்று சொல்லவில்லை. பொதுமக்கள் கருத்தைப் பார்த்துத் தீர்ப்பு எழுத முடியாது என்பதையே வெவ்வேறு விதமாகச் சொன்னார்.

2018 ஜூன் 5

வாக்குச்சீட்டில் இரண்டு கேள்விகள்: இவரை இறக்கலாமா, இறக்கினால் அந்த இடத்துக்கு யார்? சான் ஹோசே, பாலோ ஆல்டோ, நம்மவர்கள் நிறைய வசிக்கும் சன்னிவேல், குப்பர்டினோ என்று கவுண்டி முழுக்க வாக்களித்தது. ஏறத்தாழ 62 சதவீதம் 'இறக்கு' என்றது. இடத்துக்கு வந்தவர் அரசு வழக்கறிஞர் அலுவலகத்தைச் சேர்ந்த ஒரு பெண்.

2002-இல் இவர் பெயர் வாக்குச்சீட்டில் இருந்தது, தோற்றார். 2016-இல் இல்லை, ஜெயித்தார். 2018-இல் மறுபடி இருந்தது, பதவி போனது.

பிறகு

பதவி இழந்த நீதிபதி 2019-இல் சான் ஹோசேயில் ஒரு பள்ளியில் மாணவியர் டென்னிஸ் பயிற்சியாளராகச் சேர்ந்தார். பெற்றோரும் மாணவர்களும் எதிர்த்துக் கையெழுத்துத் திரட்ட, சில நாட்களில் அந்த வேலையும் போனது.

அரசுச் செலவில் வாதாடும் வழக்கறிஞர்கள் பயந்தது நடந்ததா? கலிபோர்னியாவின் ஆறு கவுண்டிகளில் கொடுக்கப்பட்ட தண்டனைகளை இரண்டு அரசியல் ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். 2022-இல் வெளியானது அந்த ஆய்வு. திரும்ப அழைக்கும் இயக்கம் அறிவிக்கப்பட்டதும் தண்டனைக் காலம் ஏறத்தாழ 30 சதவீதம் கூடியிருந்தது. வாக்குப் பதிவுக்கு இரண்டு ஆண்டு முன்பே, அறிவிப்பு வந்த உடனே. பக்கத்துக் கவுண்டி நீதிபதி, தன் பெயர் எங்கேயும் அடிபடாத நீதிபதி, நாளிதழைப் படித்துவிட்டுக் காலையில் இருக்கையில் ஏறியபோதே கணக்கு மாறிவிட்டது என்றுதான் இதைப் படிக்க வேண்டியிருக்கிறது.

மாற்றியிருக்க வேண்டியவை

நீதிபதியின் பக்கம்: காரணங்களைச் சொன்ன விதம். சட்டம் அசாதாரணம் என்று குறிக்கும் வழியில் போகிறவர், பாதிக்கப்பட்டவர் சொன்னதில் எதைக் கேட்டார், அதற்கு எவ்வளவு எடை கொடுத்தார் என்பதையும் அதே அளவு விரிவாகப் பதிவு செய்திருக்க வேண்டும். தண்டனை அதுவாகவே இருந்திருந்தாலும் கேட்டவர்களுக்கு அது வேறாக ஒலித்திருக்கும். பதவி தப்பியிருக்குமா என்பது வேறு விஷயம்.

சட்டமன்றத்தின் பக்கம்: நான்கு மாதத்துக்குள் ஒரு வழக்கைப் பார்த்து எல்லா வழக்குக்கும் சேர்த்துக் கதவை மூடியது. அந்த விதிவிலக்கு இனி யாருக்கும் கிடைக்காது, தகுதியானவருக்கும்.

எனக்குப் பெரிதாகப் படுவது தேர்தல் முறையில் உள்ள ஓட்டை. எதிர்த்து யாரும் நிற்காத விசாரணை நீதிபதியின் பெயரையும் வாக்குச்சீட்டில் போட்டு, தொடரலாமா வேண்டாமா என்று கேட்கலாம். புது யோசனை இல்லை இது. கலிபோர்னியாவின் மேல்முறையீட்டு, உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கு அப்படித்தான் நடக்கிறது. கோபம் அங்கேயும் வரும்: 1986 நவம்பரில் மரண தண்டனை விஷயத்தில் தலைமை நீதிபதி உட்பட மூன்று பேரை வாக்காளர்கள் ஒரே நாளில் அனுப்பினார்கள். ஆனால் அந்த மூவருக்கும் தேர்தல் வரும் தேதி முன்பே தெரியும், அவர்களின் பல தீர்ப்புகள் மேசையில் இருந்தன, 58,634 கையெழுத்து தேவைப்படவில்லை. 2016 ஜூன் 7 அன்று சாண்டா கிளாராவில் அப்படி ஒரு வரி வாக்குச்சீட்டில் இருந்திருந்தால், இவருக்கு எதிரான கோபம் அன்றே எண்ணப்பட்டிருக்கும். ஐந்து நாள் சூட்டில் அதிகமாகவும் விழுந்திருக்கலாம், விவரம் தெரியாமல் குறைவாகவும் விழுந்திருக்கலாம். எப்படியானாலும், மற்ற கவுண்டிகளின் நீதிபதிகள் அடுத்த இரண்டு ஆண்டு அதைப் பார்த்துக்கொண்டே தண்டனை எழுத வேண்டி வந்திருக்காது.